பியானோவை ஊமையாக்கிய அந்த ஒருவருக்கு

“இந்தக் கட்டிடத்தில் குடியிருக்கும் அந்த ஒருவருக்கு,

நீங்கள் யாரென்று தெரியாது. என்ன செய்தீர்கள் என்று தெரியும். முதல் மாடியில் ஒரு பெண்மணி இரண்டு வருடமாகக் கண்ணுக்குக் கண்ணாக வைத்திருந்த பியானோவின் தொண்டையை நெரித்துவிட்டீர்கள். தண்ணீரைக் கொட்டினீர்களோ, ஈரத்தை இறக்கினீர்களோ, அது உங்கள் மனசாட்சிக்கு வெளிச்சம். செய்வதையும் செய்துவிட்டு, அதே படியில் ஏறி இறங்கி, அதே பெண்மணியின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறீர்கள். உங்களைப் போல வெட்கமில்லாத பிறவியை நான் பார்த்ததில்லை.

பியானோ இப்போது மெதுவாகத்தான் பேசுகிறது. ஆகவே அந்த அம்மாள் வாசிக்கும் நேரமான மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் அல்ல, ஒரு வாரம் அல்ல, ஆயுசு முழுக்க. போன் கூடாது. இருமலும் கூடாது. இதில் பேரத்துக்கு இடமில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்வந்து, செய்ததைச் சரி செய்யவும்.”

அலமாரி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, சிவப்பு மார்க்கரால் கொட்டை எழுத்தில் எழுதி, மாடிப்படியடியில் தபால் பெட்டிகளுக்கு மேலே ஒட்டியிருந்தது. நான்கு மூலையிலும் டேப். கோபம் அடங்காமல் நடுவிலும் இரண்டு டேப். ஏழு குடித்தனமும் அதை நின்று படித்தது.

எழுதியவர் முதல் மாடிப் பழைய மரச்சாமான் வியாபாரி. அவர் தேடிக்கொண்டிருந்த அந்த ஒருவரும் அவரேதான்.

இப்படி ஒரு மனுஷனை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள். ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. சந்தையில் அவர் பெயர் மைக்செட். பதினாலு வயதில் தள்ளுவண்டியில் கால் உடைந்த நாற்காலி விற்க ஆரம்பித்தவர். முதல் வருடம் முழுக்க ஏமாந்தார். ஏமாற்றியவர்கள் எல்லாருமே மெதுவாகப் பேசுகிறவர்கள் என்பதை இரண்டாம் வருடம் கண்டுபிடித்தார். அன்றைக்கு ஏற்றிய குரலை இன்னும் இறக்கவில்லை. அந்தக் குரலில்தான் கடை பிடித்தார், வீடு பிடித்தார், பெண் பார்க்கப் போன இடத்தில் “சம்மதம்” என்றார். மாமனார் பிடித்திருந்த டம்ளர் அன்று நழுவி விழுந்தது.

பியானோ அவர் விரும்பி வாங்கியதல்ல. ஒரு பெரிய வீட்டைக் காலி செய்தபோது, அலமாரி வேண்டுமானால் இதையும் தூக்கிக்கொண்டு போ என்று தலையில் கட்டிவிட்டார்கள். கடையில் இடமில்லை. ஒரே ஒரு வாரம் வீட்டில் கிடக்கட்டும் என்று கூடத்துச் சுவரோரம் நிறுத்தினார். அவர் மனைவி தூசி துடைக்கப் போனவள், ஒரு கட்டையை லேசாக அழுத்தினாள். அது லேசாகப் பதில் சொன்னது. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில், அந்த வீட்டுக்குள் அவளுக்குக் கிடைத்த முதல் மெதுவான பதில் அது.

அந்த ஒரு வாரம் முடிந்து இரண்டு வருடமாகிறது. இரண்டு தெரு தள்ளியிருந்த டீச்சரம்மா செவ்வாய்க்கிழமைதோறும் வந்து சொல்லிக்கொடுத்தார். மனைவி ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் ஏழு மணிக்குத்தான் எழுந்திருப்பாள். இரண்டு மணி நேரமும் ஒரே பாட்டு. பாட்டு முழுக்க ஒரே வேலை.

“இந்தத் தாள்ல என்ன, அம்புக்குறியா போட்டு வெச்சிருக்கு?” என்று ஒருநாள் கேட்டார்.

“அம்பு இல்லீங்க. கோடு விரிஞ்சா சத்தத்தை ஏத்தணும். கூம்பினா இறக்கணும்.”

“ஏத்தறது சரி. ஏத்தினதை எதுக்கு இறக்கணும்? அப்படி இறக்கினா வியாபாரம் உருப்படுமா?”

“ஏத்தறது எனக்கும் வந்துடுச்சு. உங்க கூட இருக்கேன்ல. இறக்கறதுதான் வரமாட்டேங்குது.”

தூங்குகிற குழந்தை இருக்கும் அறைக்குள் நுழைவதுபோல ஆரம்பிக்க வேண்டுமாம். வீட்டு ஜன்னல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறப்பதுபோல ஏற வேண்டுமாம். பிறகு ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே வந்து, கடைசிச் சத்தம் கேட்டதா கேட்கவில்லையா என்று சந்தேகம் வரும்படி முடிக்க வேண்டுமாம். நூலக மண்டபத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் டீச்சரம்மாவின் மாணவர்கள் எல்லாரும் வாசிக்கப் போகிறார்கள். பெயர்ப் பட்டியலில் பதினொரு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பன்னிரண்டாவது, நாற்பத்தாறு வயதில் மைக்செட்டின் மனைவி. நாலு பேர் முன்னால் அவள் எதையாவது செய்யப்போவது அதுதான் முதல் தடவை.

இதில் மைக்செட்டுக்கு என்ன கஷ்டம்? அதே ஐந்திலிருந்து ஏழுதான் அவருடைய போன் நேரம். கடையில் வைத்துப் பேசினால் பக்கத்துக் கடைக்காரன் காதைத் தீட்டிக்கொள்வான் என்று, கொள்முதல் பேரம் எல்லாவற்றையும் வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அவள் சத்தமாக வாசிக்கும்போது எதிராளி பேசுவது இவருக்குக் கேட்காது. மெதுவாக வாசிக்கும்போது இவர் பேசக் கூடாது. திரும்பிப் பார்க்காமல், இடது கையின் ஒற்றை விரலைத் தூக்குவாள். அவ்வளவுதான். சந்தையையே அதட்டி வைத்திருந்தவர் அந்த விரலுக்கு வாயை மூடிக்கொள்வார். ஏன் மூடினார் என்று அவருக்கே விளங்கவில்லை.

அந்த விரல் ஒருநாள் வினையாகிவிட்டது. எட்டு நாற்காலியோடு ஒரு சாப்பாட்டு மேசை. எதிராளி அநியாய விலை சொன்னான். “நடக்காதுய்யா” என்று கர்ஜிக்க நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார் மைக்செட். விரல் எழுந்தது. இழுத்த மூச்சு வெளியே வந்துதானே ஆக வேண்டும். “ம்” என்று வந்தது.

“நல்லதுங்க, முடிச்சுக்கலாம்” என்று எதிராளி போனை வைத்துவிட்டான்.

முப்பத்தைந்து வருட வியாபாரத்தில் ஒரு “ம்”முக்குச் சரக்கு வாங்கியவர் என்ற பெயர் அவருக்கு வந்தது. அன்றுதான் முடிவு செய்தார். பியானோவை விற்றால் வீடு இரண்டாகும். ஆனால் அதன் வாயைக் கொஞ்சம் பொத்தலாமே. ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். ஒரே மட்டத்தில் முனகிக்கொண்டு கிடக்கட்டும். அப்புறம் விரலுக்கு என்ன வேலை?

மேல் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே வரிசையாகக் குட்டிச் சுத்தியல்கள். கட்டையை அழுத்தினால் சுத்தியல் போய்க் கம்பியைத் தட்டுகிறது. நடுவில் ஒரு துணியைத் தொங்கவிட்டால் தீர்ந்தது கதை. கடையில் ஒரு பில்லியர்ட்ஸ் மேசையிலிருந்து உரித்த பச்சைக் கம்பளித் துணி இருந்தது. அதில் ஒரு துண்டு வெட்டினார்.

வேறு யாராக இருந்தாலும் வெட்டியதை அப்படியே போட்டிருப்பார்கள். இவர் சாமான் வியாபாரி. விளிம்பு பிரிந்து நூல் சுத்தியலில் சுற்றிக்கொண்டால் சரக்கு கெட்டுவிடாதா? கெட்ட சரக்கைப் பின்னால் எவன் வாங்குவான்? குற்றம் செய்தாலும் பொருள் பழுதாகக் கூடாது என்ற அந்தத் தொழில் புத்தியில், துணியை எடுத்துக்கொண்டு நேரே இரண்டாம் மாடித் தையல்காரரிடம் போனார்.

“நாலரை அடி நீளம், ஒரு சாண் அகலம். சுத்தி விளிம்பு மடிச்சுத் தெச்சுக் குடுப்பா.”

“எதுக்குண்ணே இவ்வளவு ஒடுக்கமா?”

“அது எதுக்கோ. நீ தெய்.”

தையல்காரர் அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். தைத்துக் கொடுத்தார். வியாழக்கிழமை மனைவி காய்கறி வாங்கப் போன நேரத்தில், மைக்செட் துணியைப் பியானோவுக்குள் தொங்கவிட்டு, கொடியில் துணி காயப்போடும் கிளிப் நாலு மாட்டி மூடியைச் சாத்தினார்.

ஐந்து மணிக்கு அவள் உட்கார்ந்தாள். வாசித்தாள். நிறுத்தினாள். விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுபடி வாசித்தாள்.

“ஏங்க, உங்களுக்குக் கேக்குதா?”

“நல்லாத்தான் கேக்குது.”

“சத்தம் எப்பவும் போல இருக்கா?”

“எப்பவும் போல கணகணன்னு இருக்கு. ஏன்?”

அவள் எழுந்தாள். சமையலறைக்குப் போய் ஒரு ஸ்பூனை எடுத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சுண்டிப் பார்த்தாள். இந்தக் காது. பிறகு அந்தக் காது.

“அப்ப என் காதுதான்” என்றாள்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் வாய்க்காது. மைக்செட்டுக்கு உள்ளே என்னவோ நெருடவும் செய்தது. ஆனால் பேரத்தில் முதலில் வாயைத் திறப்பவன் தோற்றான் என்று முப்பத்தைந்து வருடமாகப் பழகிய வாய். திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவள் எதற்கெடுத்தாலும் “என்ன?” என்றாள். டீ கேட்டால் என்ன. சாவி கேட்டால் என்ன. மணி சொன்னால் என்ன. சொந்த வீட்டில் சத்தம் போட முடியவில்லை என்று வருந்தியவருக்கு இப்போது நாள் முழுக்கச் சத்தம் போடுவதே வேலையாயிற்று. ஜன்னல்கள் திறந்திருந்தன.

“என் பனியன் எங்க?”

“என்ன?”

“பனியன். வெள்ளைப் பனியன். முதுகுல ஓட்டை இருக்குமே, அது.”

“மொட்டை மாடிக் கொடியில காயுதுண்ணே” என்று மேலேயிருந்து தையல்காரரின் குரல் வந்தது.

மைக்செட்டின் முகம் சுண்டிப்போயிற்று. அதைவிட மோசம் சனிக்கிழமை நடந்தது. “போன் பேசிப் பேசி இடுப்பு வலிக்குதுன்னீங்களே” என்று, அவர் உட்காரும் நாற்காலிக்கு அவளே ஒரு புது மெத்தை தைக்கக் கொடுத்து வாங்கி வந்து போட்டாள். பூப்போட்ட உறை. தடிமனாக, மெத்தென்று இருந்தது. அதன்மேல் உட்கார்ந்தவருக்கு முள்ளின்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கூடத்தில் பியானோ முனகிக்கொண்டிருந்தது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அவர் கேட்டது அதுதான். கிடைத்தும் விட்டது. போனில் பேச வாய்தான் வரவில்லை.

திங்கட்கிழமை அவள் சொன்னாள். “டீச்சரம்மாவை இந்த வாரம் வர வேண்டாம்னு சொல்லிட்டேன். இந்தக் காதை வெச்சுக்கிட்டு அவங்க முன்னாடி எப்படி வாசிக்கறது? ஒருவேளை பியானோலதான் கோளாறோ என்னவோ. ஆளை வரவழைச்சு மூடியைத் திறந்து பார்த்துடலாமா?”

மைக்செட் ஒரே தாவில் பியானோவுக்கு முன்னால் போய் நின்றார்.

“மூடியைத் திறக்கக் கூடாது” என்று கத்தினார். “ஈரம். இது ஈரம்தான். மேலயிருந்து ஈரம் இறங்கியிருக்கு. திறந்தா காத்து பட்டு மொத்தமும் போயிடும். இந்தக் கட்டிடத்துல எவனோ ஒருத்தன் பண்ணின வேலை. அவனை நான் விடறதில்லை.”

“என்ன பண்ணப் போறீங்க?”

“நோட்டீஸ் ஒட்டப் போறேன்.”

சொல்லிவிட்டால் செய்துதானே ஆக வேண்டும். அட்டையைக் கிழித்துத் தரையில் போட்டு, மார்க்கரும் கையுமாகக் குனிந்தார். எழுத எழுத அவருக்கே நிஜமான கோபம் வந்துவிட்டது. யாரோ ஒருவன் தன் மனைவியின் பியானோவைக் கெடுத்துவிட்டான், அயோக்கியப் பயல். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

“தண்டனைன்னு ஏதாவது போட வேண்டாமா? பியானோ வேற மெதுவாத்தான் கேக்குது. நான் வாசிக்கறப்ப அந்த ஆள் ஒரு மணி நேரம் சத்தம் போடாம இருந்தா போதும்.”

“ஒரு மணியா? ரெண்டு மணி. அஞ்சுலேர்ந்து ஏழு.”

“என்ன?”

“ரெண்டு மணி நேரம்னேன்.”

“பாவங்க. ஒரு வாரத்துக்குப் போதும்.”

“ஒரு வாரமா? நான் யாருன்னு தெரியுமா? ஆயுசு முழுக்க.”

“போன் மட்டும் பேசிக்கட்டுமே.”

“போனா? மூச். இருமக்கூடக் கூடாது.”

“அப்புறம் அந்த ஆள் வந்து பேரம் பேசினா?”

“எங்கிட்டயா? பேரத்துக்கு இடமில்லைன்னே எழுதறேன் பாரு.”

“என்ன?”

“பேரத்துக்கு இடமே இல்லை.”

கட்டிடம் முழுக்கக் கேட்டது. எந்தச் சரக்கானாலும், கட்டப்போவது யார் என்று தெரியாமல் விலையை ஏற்றாத மனுஷன் அவர். அன்றைக்கு எதிரில் ஆளே இல்லாமல், தனக்குத்தானே ஏலத்தை ஏற்றிக்கொண்டு போனார்.

“கடைசியில, ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சரி செய்யவும்னு போடுங்க” என்றாள். போட்டார்.

புதன்கிழமை காலை தையல்காரர் கதவைத் தட்டினார். கழுத்தில் அளவு நாடா. கண் சிவந்திருந்தது.

“அண்ணே, அது நான்தான்னு நெனைக்கிறேன்.”

“எதுப்பா?”

“பியானோ. போன மாசம் என் வீட்டுல ஒரு வாளித் தண்ணி கவுந்துச்சு. உங்க கூடத்துக்கு நேர் மேலதான். அன்னைக்கே துடைச்சுட்டேன். ஆனா நோட்டீஸ்ல வெட்கமில்லாத பிறவின்னு போட்டிருக்கீங்க. நாலு தடவை படிச்சேன். எனக்கு வெட்கம் இருக்குண்ணே.”

மைக்செட் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. நீயா இருக்காது. உக்காரு. டீ சாப்பிடு.”

“வேண்டாம்ணே. அஞ்சுலேர்ந்து ஏழு வரைக்கும் மெஷினை நிறுத்திட்டேன். வாயையும் மூடிக்கிறேன். எனக்கு அது பெரிய விஷயமில்லை, நான் பேசறதே இல்லை. அண்ணி மட்டும் ஞாயித்துக்கிழமை போய் வாசிக்கணும். அவங்க போகலைன்னா என் மனசு ஆறாது.”

சொல்லிவிட்டு அளவு நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். மைக்செட் கதவைச் சாத்திவிட்டு, சாத்திய கதவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தள்ளுவண்டி தள்ளிய நாளில் அவரை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள், ஒருவன் செருப்பைக் கழற்றியிருக்கிறான். எதற்கும் கூசாத உடம்பு இந்த மன்னிப்புக்குக் கூசிக் குறுகிப்போயிற்று. செய்யாதவன் மன்னிப்புக் கேட்கிறான். செய்தவன் டீ சாப்பிடு என்கிறான். அன்று கடையில் ஒரு கிழவர் பழைய ஸ்டூலுக்குப் பேரம் பேச வந்தார். கேட்ட விலைக்கே கொடுத்தனுப்பினார். கடைப் பணியாளர்கள் இவருக்கு ஜுரமோ என்று பார்த்தார்கள்.

துணியை எடுத்துவிட வேண்டும். சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் பியானோ தானே சரியானதாக இருக்கும், ஈரம் காய்ந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மனைவி வீட்டை விட்டு அசையவில்லை. வெள்ளிக்கிழமை காலை அவள் குளிக்கப் போனதும் பியானோவிடம் ஓடினார். மேல் மூடியின்மேல் பன்னிரண்டு கண்ணாடி டம்ளர்கள் கவிழ்த்து வைத்திருந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றை எடுத்தார். பக்கத்து டம்ளரில் பட்டு, ‘ணிங்’ என்றது. ஊசி விழுந்த அளவுக்குத்தான்.

“ஏங்க, டம்ளர் ஈரம் வடியட்டும். எடுக்காதீங்க” என்று குளியலறையிலிருந்து, சாத்திய கதவையும் கொட்டுகிற குழாயையும் தாண்டிக் குரல் வந்தது.

“சரி” என்று வைத்துவிட்டு வந்துவிட்டார். அந்தக் காதுக்கு என்ன குறை என்று யோசிக்க அவருக்குத் தோன்றவில்லை. திருட்டு முழி முழிப்பவனுக்கு யோசனை எங்கே ஓடும்?

சனிக்கிழமை மாலை. மணி ஐந்தடித்தது. அவள் பியானோ முன்னால் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். வாசிக்கவில்லை.

“நாளைக்கு நான் போகலைங்க. டீச்சரம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நாப்பத்தாறு வயசுல எனக்கு எதுக்கு இந்த ஆசை.”

மைக்செட் நாற்காலியிலிருந்து எழுந்தார். பியானோவின் பக்கத்தில் போய் நின்றார். தரையைப் பார்த்தார்.

“நான்தான்” என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு சின்னச் சத்தம் வந்ததே இல்லை.

“என்ன?”

“நான்தான் போட்டேன்.”

“காதுல விழலைங்க.”

“நான்தான் துணி போட்டேன்.”

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். வலது கையை உள்ளங்கை மேலாகக் கொஞ்சம் உயர்த்தினாள். “இன்னும் கொஞ்சம்.”

“பியானோக்குள்ள நான்தான் துணி போட்டேன்.”

கை இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

“பியானோக்குள்ள துணியைப் போட்டு ஊமையாக்கினது நான்தான். ஈரம் இல்லை. மேல் வீட்டுக்காரர் இல்லை. உன் காதுல ஒரு கோளாறும் இல்லை. நோட்டீஸ்ல எழுதின அந்த வெட்கங்கெட்டவன் நான்தான்.”

கடைசி வரி சந்தைக் குரலில் வந்தது. பியானோ மேல் டம்ளர்கள் பன்னிரண்டும் அதிர்ந்து ஓய்ந்தன. படிக்கட்டில் யாரோ இறங்கிக்கொண்டிருந்த காலடி நின்றது.

“கேட்டுச்சுண்ணே” என்றது மேலிருந்து தையல்காரரின் குரல்.

“எனக்கும்” என்றாள் மனைவி, மிக மெதுவாக. “தூங்கற குழந்தை இருக்கற ரூமுக்குள்ள நுழையற மாதிரி ஆரம்பிச்சீங்க. நடுவுல ஒரு இடத்துலயும் தாண்டாம, ஒரே சீரா ஏத்திட்டுப் போனீங்க. ரெண்டு வருஷமா நான் தலைகீழா நிக்கறேன். உங்களுக்கு ஒரே தடவைல வந்துடுச்சு.”

மைக்செட்டின் முகத்தில் ஈயாடவில்லை.

“இப்ப அப்படியே இறக்குங்க” என்றாள்.

“எதை?”

“ஏத்தினதை. இறக்கறதுதான் கஷ்டம்.”

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. “தப்புதான்” என்றார். பிறகு, இன்னும் இறங்கி, “தப்பு பண்ணிட்டேன்.” பிறகு, பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேட்டதா கேட்கவில்லையா என்று சந்தேகம் வரும்படி, “மன்னிச்சுடு.”

அவளுக்குக் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மைக்செட் டம்ளர்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டு மூடியைத் திறந்தார். சுத்தியல் இருந்தது. கம்பி இருந்தது. துணி இல்லை. கிளிப்பும் இல்லை.

“நீங்க துணி போட்ட மறுநாள், போன வாரம் வெள்ளிக்கிழமை காலைல, மேல் வீட்டுத் தம்பி படியில பார்த்து, ‘பியானோவுக்குத் தெச்ச துணி அளவு சரியா இருக்கா அண்ணி’ன்னு கேட்டார்” என்றாள். “நாலரை அடி நீளத்துக்கு நம்ம வீட்டுல வேற என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியாதா? அன்னைக்கே எடுத்துட்டேன்.”

“அப்ப இந்த ஒன்பது நாளா நீ வாசிச்சது...”

“மெதுவா வாசிச்சேன். துணி இருக்கற மாதிரியே கேக்கணுமே. விரலை அடக்கி அடக்கி, நெகம்கூட வலிச்சுது.”

“அந்தத் துணி எங்க?”

“ஒரு வாரமா எது மேல உக்காந்து போன் பேசறீங்க?”

அவர் போய் மெத்தையின் தையலைப் பிரித்துப் பார்த்தார். பூப்போட்ட உறைக்குள் மடித்து மடித்துப் பச்சை. விளிம்பு மடித்த சுத்தமான தையல்.

“அப்ப அவன் வந்து அழுததும் நீ சொல்லித்தானா?”

“மன்னிப்பு கேக்க மட்டும்தான் சொன்னேன். அழுதது அவரோட சொந்தச் சேர்க்கை.”

“எங்கிட்ட நேரா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி.”

“கேட்டிருந்தா இல்லைன்னிருப்பீங்க. துணியைக் காட்டியிருந்தா பாதி ஒத்துக்கிட்டிருப்பீங்க. மீதிப் பாதியை என் தலையில போட்டிருப்பீங்க. கடைசியில நான்தான் உங்ககிட்ட மன்னிப்பு கேட்டுட்டு அடுப்படிக்குப் போயிருப்பேன். இருபத்திரண்டு வருஷமா அதுதானே நடக்குது.” பியானோ மூடியைச் சாத்தினாள். “ஆனா அந்த முதல் ராத்திரி எனக்குத் தெரியாதுங்க. நிஜமாவே என் காதுதான்னு நெனைச்சேன். விடியற வரைக்கும் கடிகாரம் ஓடற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன், நாளைக்கு இது கேக்குமோ கேக்காதோன்னு.”

எந்த விலைக்கும் ஒரு பதில் விலை வைத்திருந்த மனுஷன், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பிரித்த மெத்தையோடு நின்றார்.

மறுநாள் நூலக மண்டபத்தில் அவர் கடைசி வரிசையில், தையல்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பத்து நாள் கத்தியதில் தொண்டை கட்டியிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பதினொரு பேரும் வாசித்து முடித்ததும் அவள் ஏறினாள். ஆரம்பித்தாளா இல்லையா என்றே முதலில் தெரியவில்லை. மண்டபத்தில் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. அதற்கடியில் ஒரு சத்தம். ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துகொண்டே போனது. எல்லாம் திறந்து, வெளிச்சம் கூசுகிற மாதிரி நின்று, பிறகு ஒவ்வொன்றாகச் சாத்த ஆரம்பித்தபோது, முன் வரிசையில் யாரோ இருமப் போனார்கள். மைக்செட்டின் இடது கை ஒற்றை விரல் தானாக எழுந்தது.

தையல்காரர் அதைப் பார்த்தார்.

டீச்சரம்மா வாசலில் பிடித்துக்கொண்டார். “மெதுவா, மெதுவான்னு ரெண்டு வருஷமா கெஞ்சினேன். ஒரு வாரம் நான் வரலை, எப்படி இவ்வளவு மெதுவா வந்துச்சு?”

“வீட்டுக்காரர்தான் உதவி பண்ணினார்” என்றாள் மனைவி. மைக்செட்டுக்கு மண்டபத்துத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

வீடு திரும்பும் வழியில், தொண்டை கட்டிய குரலில் மெல்ல ஆரம்பித்தார்.

“அந்த நோட்டீஸைக் கிழிச்சுடலாம்ல?”

“கிழிப்பானேன்? நல்லாத்தான் எழுதியிருக்கு.”

“சரி, ஆறு மணி வரைக்கும்னு வெச்சுக்கலாம்.”

“பேரத்துக்கு இடமில்லைன்னு எழுதியிருக்கு.”

“இருமலாவது...”

“ஏழு குடித்தனம் சாட்சி.”

மாடிப்படியடியில் அந்த ஏழு குடித்தனமும் ஏதேதோ சாக்கில் நின்றிருந்தது. ஒருவர் தபால் பெட்டியைத் திறந்து திறந்து மூடினார். அட்டை அப்படியே இருந்தது. சிவப்பு எழுத்துக்குக் கீழே காலையில் யாரோ நீல மையில், சின்ன எழுத்தில், சேர்த்து எழுதியிருந்தார்கள். வீட்டுக் கணக்கு நோட்டில் தினமும் பார்க்கிற கையெழுத்து. படிக்கக் குனிந்தபோது, பாக்கெட்டில் போன் அடித்தது. மேசைக்காரன்தான். இன்னொரு எட்டு நாற்காலி வைத்திருப்பான். மைக்செட் போனை எடுத்தார், வாயைத் திறந்தார். முதல் மாடியில் கடிகாரம் ஐந்தடித்தது. படியில் முன்னால் ஏறிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்காமல் ஒற்றை விரலைத் தூக்கினாள்.

போன் அடித்து ஓய்ந்தது. அவர் நீல எழுத்தைப் படித்தார், உதட்டை மட்டும் அசைத்து.

“அந்த ஒருவர் யாரென்று சனிக்கிழமை மாலை எல்லோருக்கும் நன்றாகவே கேட்டது, பெயர் தேவையில்லை. கொடுத்த கெடு இன்றோடு முடிகிறது. எழுதியதை எழுதியபடி நடத்தி, இருபத்திரண்டு வருடம் கழித்தாவது, அந்த ஒருவர் செய்ததைச் சரி செய்யவும்.”